மிருதங்கம் சேர்ந்ததும் ராகம் ஏன் வேறாகக் கேட்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஆலாபனை நடக்கும்போது ராகம் கரையில்லாமல் விரிந்து கிடக்கிறது. பாட்டு தொடங்கி மிருதங்கம் சேர்ந்ததும் அதே ராகம் வேறொன்றாகிவிடுகிறது. ஸ்வரங்கள் அவைதானே? மாறுவது பாட்டா, என் காதா? எனக்குத் தாளக் கணக்கு தெரியாததுதான் காரணமா?" (ஆலாபனை என்பது பாட்டுக்கு முன் தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது.) மூன்று கேள்விகளாக வைத்திருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஏற்கெனவே முழுமையாக இருக்கும் பாட்டுக்குப் பூட்டும் நகையா தாளவாத்தியம், அல்லது நாம் கேட்கிற பாட்டை உருவாக்குவதிலேயே அதற்குப் பங்கு உண்டா? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மிருதங்கம் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். பங்கு உண்டு, பெரிய பங்கு உண்டு என்பதுதான் என் பதில். ஸ்வரங்களைத் தாளம் மாற்றுவதில்லை. எந்த ஸ்வரம் காதில் நிற்க வேண்டும், எது வழிப்போக்கனாகக் கடந்துபோக வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. கணக்கு தெரிந்தவர்களுக்கும் இது அப்படியேதான் நேர்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ச ரி க ம ப த என்ற ஆறு ஸ்வரங்களை ஒரே வேகத்தில், எதையும் அழுத்தாமல், இடைவெளி விடாமல் திரும்பத் திரும்பப் பாடுங்கள். முதலில் மூன்று ஸ்வரத்துக்கு ஒருமுறை தொடையில் தட்டுங்கள். தட்டு ச-விலும் ம-விலும் விழும். சரிக, மபத என்று இரண்டு துண்டுகளாகக் கேட்கும். ஷட்ஜமமும் மத்யமமும் இரண்டு தூண்கள்போல எழுந்து நிற்கும். இப்போது பாடுவதில் எதையும் மாற்றாமல் இரண்டு ஸ்வரத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். சரி, கம, பத. தூண்கள் இடம் மாறிவிட்டன. ச, க, ப மூன்றும் முன்னால் வருகின்றன. சற்று முன்பு தலைநிமிர்ந்து நின்ற மத்யமம் காந்தாரத்தின் நிழலில் ஒதுங்கிவிட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரத்திலேயே இதைச் செய்துகாட்டுவது வழக்கம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "சார், இரண்டாவது பாடியது வேறு பாட்டுதானே?" என்று கேட்டாள். அவளுக்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. காதுக்கு அது வேறு பாட்டுதான்.

ராகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. ஒவ்வொரு ராகத்துக்கும் நின்று இளைப்பாறும் ஸ்வரங்கள் சில, தொட்டுவிட்டு நகரும் ஸ்வரங்கள் சில என்று உண்டு. ஆலாபனையில் பாடகர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீங்களும் நிற்கிறீர்கள். மூச்சு மட்டுமே அளவு. பாட்டு தொடங்கியதும் நிற்கும் இடத்துக்கு இன்னொரு காவலும் வந்துவிடுகிறது. சாகித்யகர்த்தா, அதாவது பாட்டை இயற்றியவர், ராகத்தின் உயிர்நாடியான ஸ்வரத்தைத் தாளத்தின் அழுத்தமான இடத்தில் கொண்டுவந்து வைத்திருப்பார். அந்த இடத்தில் மிருதங்கத்தின் நாதமும் சேர்ந்து விழும்போது ராகத்தின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கரையில்லாத தண்ணீருக்குக் கரை வந்தது போல உங்களுக்குத் தோன்றியது இதனால்தான். ஆலாபனையை இழந்துவிட்டோம் என்று வருந்த வேண்டாம், அதே தண்ணீர்தான் இப்போது ஆறாக ஓடுகிறது.

தட்டுவதற்கு ஆளே இல்லாவிட்டாலும் காது சும்மா இருப்பதில்லை. பழைய சுவர்க் கடிகாரத்தைக் கேளுங்கள். ஒலிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தாலும் நமக்கு 'டிக்-டாக்' என்று இரண்டிரண்டாகத்தான் கேட்கும். ஒரேமாதிரியான ஒலிகளையும் மனம் தானாகக் கூட்டு சேர்த்துக்கொள்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் தாடியஸ் போல்டன் 1894-இலேயே எழுதிவிட்டார். 2009-இல் ஹங்கேரியைச் சேர்ந்த இஸ்த்வான் விங்க்லர் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாள ஒலியை ஒலிக்கவிட்டு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். சுற்றின் முதல் அடியை மட்டும் எடுத்துவிட்டபோது, எதிர்பார்த்தது வராமல் போனதற்கான குறி மூளையில் தென்பட்டது. குழந்தை உண்மையிலேயே தாளத்தை உணர்கிறதா, ஒலிகளின் ஒழுங்கை மட்டும் கவனிக்கிறதா என்ற விவாதம் அதன்பிறகும் நடந்தது. ஆகவே 'தாளத்தோடு பிறக்கிறோம்' என்று நான் மேடையேறி அறிவிக்க மாட்டேன். ஆனால் காது காத்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கனடாவில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் 2005-இல் வெளியிட்டது. இரண்டாகவும் எண்ணலாம், மூன்றாகவும் எண்ணலாம் என்றிருக்கும் அழுத்தமில்லாத தாளம் ஒன்றை ஏழு மாதக் குழந்தைகளுக்குக் கேட்கவிட்டு, சிலரை இரண்டாவது அடிதோறும், சிலரை மூன்றாவது அடிதோறும் தூக்கி ஆட்டினார்கள். பிறகு, தாங்கள் ஆட்டப்பட்ட விதத்தில் அழுத்தம் விழும் தாளத்தைத்தான் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. கண்ணைக் கட்டிவிட்டு ஆட்டினாலும் இதே முடிவு வந்தது. பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் வரவில்லை. நம் சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்களைச் சிலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். சத்தமாகப் போட்டால் தொந்தரவுதான். ஆனால் அந்தக் கை அவர்கள் கேட்பதைக் கூர்மையாக்குகிறது. உடம்பு எண்ணும்போது காதுக்கு வேறு பாட்டு கிடைக்கிறது. இந்த நுணுக்கத்தைப் பல ரசிகர்கள் அறியாமலேயே கடைப்பிடிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எந்தத் தாளவாத்தியத்துக்கும் பொருந்தும். மிருதங்கத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு: அதற்குச் சுருதி இருக்கிறது. வெறும் தோலை வளையத்தில் இழுத்துக் கட்டித் தட்டினால் அடிநாதத்தோடு கூடவே எழும் உயர்ந்த நாதங்களான மேல்நாதங்கள் ஒன்றோடொன்று இசையாது. அடிநாதத்தை 1 என்று வைத்தால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் வெறும் தோலில் 'தொம்' என்ற அடி கேட்கும், ஸ்வரம் கேட்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்துத் தேய்த்து ஏற்றிய கறுப்பு வட்டம் இருக்கிறதே, அந்தக் கரணை இதைச் சரிசெய்கிறது. கரணையின் எடையால் மேல்நாதங்கள் 1, 2, 3, 4, 5 என்ற முழு விகிதத்துக்கு வந்துவிடுகின்றன; தம்பூராவின் தந்தியில் இருக்கும் அதே ஒழுங்கு. சர் சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைக் குறிப்பிட்டார். 1934-இல் விரிவாகவும் எழுதினார். அவர் கண்டது அறிவியல் விளக்கம். தோலைத் தேர்ந்து, கரணையைத் தேய்த்து, காதால் மட்டுமே அளந்து அந்த விகிதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் வாத்தியம் செய்யும் தொழிலாளர்கள். பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலையும் கையாண்டு தலைமுறைகளாக இதைக் காத்தவர்களின் பெயர்களை மேடைகளில் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வலந்தலையில் மோதிர விரலை லேசாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் விளிம்பில் மீட்டும்போது எழும் ஒலி பாடகரின் ஷட்ஜமத்திலேயே இருக்கும். ஒவ்வொரு மீட்டும் ஆதார சுருதியை உங்கள் காதில் ஒருமுறை நினைவூட்டிவிட்டுப் போகிறது. அதனால் பாடகர் நி என்னும் நிஷாதத்தில் நின்று கமகம் போடும்போது, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும்போது, ஷட்ஜமத்திலிருந்து அவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது துல்லியமாகத் தெரிகிறது. இடந்தலைக் கதை வேறு. அதைத் தொப்பி என்போம். கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புவோம். ரவை கூடினால் நாதம் மந்தமாகும், குறைந்தால் அலறும். விரலால் கிள்ளி எடுத்தும் மீண்டும் ஒட்டியும் பார்த்துக்கொண்டே இருப்போம். தொப்பியைத் தட்டி மணிக்கட்டால் அழுத்தி வழுக்கும்போது எழும் கும்கி, குரலின் கமகத்தைப் போலவே நாதத்தை மேலே இழுத்துக்கொண்டு போகும். அதைச் சரியான இடத்தில் கேட்டவர்கள் மிருதங்கம் பாடுகிறது என்று சொல்வது மிகையல்ல. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். தொப்பி அவருடைய வலக்கையில் இருந்தது. அவருடைய பழைய பதிவுகளில் அந்தக் கும்கியைக் கேட்டுப்பாருங்கள். அதன்பின் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) வாசித்த பதிவு ஒன்றைக் கேளுங்கள். இரண்டு கைகளுக்கடியில் பாட்டு எவ்வளவு வேறாக நிற்கிறது என்பதை நான் எழுதி விளக்க முடியாது.

வேகம் பற்றி ஒன்று. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, மேடையில் கற்றேன். எனக்கு இருபத்திரண்டு வயது. மூத்த வித்வான் ஒருவருக்கு வாசிக்கும் வாய்ப்பு வந்தது. அவர் சௌக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஒரு கிருதியை எடுத்தார். இரண்டு களை ஆதி தாளம், அதாவது எட்டு எண்ணிக்கையும் இரட்டிப்பாக நீளும் தாளம், ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்வளவு இடம். அந்த இடத்தைப் பார்த்ததும் கை துடித்தது, நிரப்பினேன். கச்சேரி முடிந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தபடி அவர் சொன்னார்: "தம்பி, கை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் உட்காரலாம் என்று போன இடத்தில் எல்லாம் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்." அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவருக்கே மீண்டும் வாசித்தேன். அதே கிருதி, அதே காலப்பிரமாணம், அதாவது அதே வேகம். மீட்டும் தொப்பியும் மட்டும் வைத்து, எண்ணிக்கைகளுக்கு இடையே பெரும்பாலும் கையை எடுத்துவிட்டேன். முன்பு கேட்டிருந்த ரசிகர் ஒருவர், "இன்று இன்னும் நிதானமாகப் பாடினார்" என்றார். பாடிய வேகம் மாறவே இல்லை. எண்ணிக்கைகளுக்கு நடுவே எத்தனை சொற்கள், அதாவது மிருதங்க அடிகள், விழுகின்றன என்பதைக் கொண்டே காது வேகத்தைப் பெருமளவு முடிவு செய்கிறது. சொற்கள் நெருங்கினால் பாட்டு ஓடுவது போலத் தோன்றும், விலகினால் நடப்பது போலத் தோன்றும்.

தாளவாத்தியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல சான்று நம்மிடமே உண்டு. பல கிருதிகள் தாளத்தின் முதல் அடியில் தொடங்குவதில்லை. அரை இடம் தள்ளி, ஒன்றரை இடம் தள்ளித் தொடங்கும். தியாகராஜரின் தேசாதி என்ற வகைக் கிருதிகளில் ஒன்றரை எண்ணிக்கை கழிந்த பிறகே சாகித்யம் வாயில் வரும். பாடகர் வேண்டுமென்றே விட்டுவைத்த அந்தச் சமத்தை, அதாவது தாளச் சுற்றின் முதல் அடியை, காதுக்குத் தருவது மிருதங்கம்தான். அங்கே ஓர் அடி விழுகிறது, குரல் மௌனமாக இருக்கிறது, பிறகு அந்த அடியிலிருந்து எழும்பிக் குரல் வருகிறது. அந்த எழுச்சியில்தான் பாட்டின் துள்ளல் இருக்கிறது. இப்படியொரு கிருதியை யாராவது தம்பூரா மட்டும் வைத்துப் பாடிய பதிவைக் கேளுங்கள். பழகாத காது முதல் எழுத்தையே சமமாக எடுத்துக்கொண்டுவிடும். பாட்டு முழுவதும் ஒன்றரை எண்ணிக்கை நகர்ந்துபோய்த் தட்டையாகக் கேட்கும், துள்ளல் போய்விடும். அங்கே மாறியது உங்கள் காதில் இருக்கும் முதல் அடி மட்டும்தான். மாற்றத்தின் அளவைப் பாருங்கள்.

கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் சபையே ஒன்றாகச் சமத்தில் கை தட்டுகிறதே, கணக்கு தெரியாதவர்களும் எப்படித் தவறாமல் தட்டுகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சின்னத் தீர்மானம், அதாவது மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கோவை, ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு அட்சரம் என்று 32. 'ததிங்கிணதொம்' என்ற ஐந்தட்சரச் சொல்லை மூன்று முறை, நடுவே இரண்டிரண்டு அட்சரம் இடைவெளி விட்டு வாசித்தால் 5+2+5+2+5, மொத்தம் 19. பதின்மூன்று அட்சரம் போனபின் பதினான்காவதில் எடுத்தால் முடிந்த கையோடு சமம் வரும். வாசிப்பவனுக்கு இந்தக் கணக்கு வேண்டும், உங்களுக்கு வேண்டாம். முதல் முறை வரும்போது அந்தச் சொல் உங்களுக்குப் புதிது. இரண்டாவது முறை அதன் நீளத்தையும் இடைவெளியையும் காது அளந்துவிடுகிறது. மூன்றாவது முறை தொடங்கும்போதே அது எங்கே முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. முடியும் இடத்தில் பாட்டும் வந்து சேரும்போது உடம்பு சிலிர்க்கிறது. மூன்று முறை வாசிக்கும் மரபு எதனால் ஏற்பட்டது என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அதன் விளைவு இது என்பதை நான் மேடையிலிருந்து ஆயிரம் முகங்களில் பார்த்திருக்கிறேன்.

பழக்கம் எவ்வளவு, இயல்பு எவ்வளவு என்பதிலும் சிறிது சொல்ல வேண்டும். மிச்ர சாபுவை, அதாவது 'தகிட தகதிமி' என்று ஏழாக வரும் நடையை, நம் ஊர்க் காது அலட்டிக்கொள்ளாமல் ஏற்கிறது. இரண்டும் மூன்றும் சமமில்லாமல் கலந்து வரும் பால்கன் நாட்டுத் தாளங்களை வைத்து எரின் ஹானனும் சாண்ட்ரா டிரெஹப்பும் 2005-இல் ஆராய்ந்தார்கள். வட அமெரிக்கப் பெரியவர்களால் அந்தத் தாளம் குலைந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆறு மாதக் குழந்தைகள் பிடித்தன. ஒரு வயதுக் குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கத் தொடங்கியிருந்தது. கேட்டு வளர்ந்த தாளங்கள் காதைத் திறந்தும் வைக்கின்றன, மூடியும் விடுகின்றன. எனவே உங்கள் வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் தவிலும் பறையும் உடுக்கையும் காதில் விழட்டும். விதவிதமான தாளங்கள் விழட்டும்.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தாளத்தோடு இதயத்துடிப்பு பூட்டிக்கொண்டு ஓடும், குறிப்பிட்ட தாளம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் இப்போது நிறையப் பேசப்படுகிறது. வேகமான இசை மூச்சையும் துடிப்பையும் ஓரளவு விரைவுபடுத்தும் என்பதற்குச் சோதனைகள் உண்டு. அதற்குமேல் போய் மருந்து என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நோயுற்றவர்களிடம் இப்படிச் சொல்வது தவறு. சரியான நேரத்தில் விழும் ஸ்வரத்தின் சுருதியைக் காது இன்னும் நுட்பமாகப் பிடிக்கிறது என்று 2002-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பின்னர் அதே சோதனையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே அளவில் முடிவு கிடைக்கவில்லை. எனவே அதை இப்போதைக்கு 'இருக்கலாம்' என்ற வரிசையில் வைக்கிறேன். நான் குருவிடம் பயின்ற வாத்தியக்காரன், மூளையை ஆராய்ந்தவன் அல்ல. ஆய்வுகளைப் பற்றி எழுதியது படித்தறிந்தது, கையைப் பற்றி எழுதியது வாழ்ந்தறிந்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பிடித்த கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். தொப்பியின் கீழ்நாதம் அதில் ஏறக்குறைய வராது, பாதி மிருதங்கம் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை வெறுமனே கேளுங்கள். இரண்டாம் முறை கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். தவறினால் தவறட்டும், சமத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை பாடகரை விட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் பின்தொடருங்கள். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவி முடிந்து முதல் பகுதியான பல்லவிக்குத் திரும்புமுன் பெரும்பாலும் ஓரிடத்தில் அது வாசிப்பதை நிறுத்திக் காத்திருக்கும். அந்த ஒரு நொடியில் பாடகர் எந்த ஸ்வரத்தில் இருக்கிறார் என்று கவனித்து, முடிந்தால் இங்கே எழுதுங்கள்.